கூட்டினால் பூஜ்யம்: கதிர்காமத்து அறிவியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவர்களுக்கு,

புதுச்சேரிக் கதிர்காமத்தில் இருந்துகொண்டு வேதியியலோ இயற்பியலோ படிக்கிற உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். அண்மையில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். பேசி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு தங்கை கேட்டார்: "எட்டு குரோமியத்தை வளையமா கோக்கறாங்க. மொத்தக் காந்தம் பூஜ்யம்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் அதுல அளக்கறதுக்கு என்ன சார் இருக்கு?" அதற்குள் டீ வந்துவிட்டது. நானும் "குவாண்டம் கம்ப்யூட்டர்" என்று ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டேன். கேள்விக்கு அது பதில் இல்லை. பதில் கொஞ்சம் நீளம், அதனால்தான் மடல்.

முதலில் பொருள் என்னவென்று பார்த்துவிடுவோம். எட்டு குரோமியம் அயனிகள் வட்டமாக நிற்கின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு ஃபுளோரைடு பாலம், கூடவே இரண்டு பிவலேட் பாலங்கள். ஆக எட்டு ஃபுளோரைடு, பதினாறு பிவலேட். படிகமாக எடுத்தால் பச்சை நிறம். ஒவ்வொரு குரோமியத்திலும் ஜோடி சேராத எலக்ட்ரான் மூன்று, அதாவது ஸ்பின் 3/2. பாலத்தின் வழியாக அண்டை வீட்டு ஸ்பின்கள் ஒன்றையொன்று எதிர்த்திசைக்குத் தள்ளுகின்றன. எட்டு என்பது இரட்டைப்படை, ஆகவே எதிரும் புதிருமாகக் கழிந்து, நன்றாகக் குளிரவைத்தால் மொத்த ஸ்பின் பூஜ்யத்தில் வந்து நிற்கிறது.

ஒரு வீட்டில் மாத வரவும் செலவும் சரிக்குச் சரியாகி, கையிருப்பு பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் அந்த வீட்டில் பணமே புழங்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. இந்த வளையத்துக்குள் புழங்கும் கணக்கு சாதாரணமானது அல்ல. ஒவ்வொரு குரோமியத்துக்கும் நான்கு நிலைகள். எட்டுக்கும் சேர்த்து நான்கின் எட்டாம் அடுக்கு: 65,536 நிலைகள். பூஜ்யம் என்பது அவற்றில் மிகத் தாழ்ந்த ஒரே ஒரு நிலை. மீதி 65,535 எங்கே, என்னென்ன உயரத்தில் இருக்கின்றன என்பதுதான் அளக்கிற விஷயம். அந்த உயரங்களைச் சொல்வது நிறமாலையியல்.

கார்பன் வளையத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவை முதலில் கையில் பிடித்தவர்களில் ஒருவர் நம்ம ஊர்க்காரர். வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்துவக் கல்லூரியிலும் படித்த கே.எஸ். கிருஷ்ணன். 1928-ல் ராமன் விளைவைக் கண்டறிந்தபோது ராமனின் பக்கத்திலேயே நின்றவர் என்று மட்டும் பாடப்புத்தகம் சொல்லி நிறுத்திவிடுகிறது. அதே ஆண்டின் கடைசியில் அவர் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே செய்த வேலைதான் எனக்கு இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது. நாஃப்தலீன், ஆந்த்ரசீன் போன்றவற்றின் சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்தப் புலத்துக்குள் தொங்கவிடுவார். இழையின் மேல்முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிக்கொண்டே போவார். படிகம் இழைக்கும் காந்தத்துக்கும் நடுவே திணறி, ஒரு கட்டத்தில் பொறுக்காமல் சட்டென்று திரும்பிக்கொள்ளும். எந்தக் கோணத்தில் திரும்பியது என்பதிலிருந்து, அந்தப் படிகத்தின் காந்தம் ஒரு திசையில் எவ்வளவு, இன்னொரு திசையில் எவ்வளவு என்று வித்தியாசம் கிடைக்கும். கார்பன் வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தான திசையில் எதிர்காந்தம் மிக அதிகம். அந்த அளவை வைத்துக்கொண்டு, படிகத்துக்குள் மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து நிற்கின்றன என்பதையே அவரால் சொல்ல முடிந்தது. 1936-ல் கேத்லீன் லான்ஸ்டேலும் அவரும் சேர்ந்து இதைப் பற்றி எழுதிய கட்டுரை ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது.

இதன் மறுபாதியை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். என்.எம்.ஆர். தாளில் பென்சீனின் புரோட்டான் 7.3-க்குப் பக்கத்தில் வந்து நிற்பதற்குக் காரணம், புலத்தில் வைத்ததும் வளையத்தைச் சுற்றி எலக்ட்ரான்கள் ஓடுவதுதான். டாக்காவில் இழை முறுக்கித் தெரிந்துகொண்டதும் அதே சங்கதிதான். கார்பன் வளையத்தில் எலக்ட்ரானின் ஓட்டம் காந்தமாகிறது. உலோக வளையத்தில் எலக்ட்ரான்கள் அவரவர் அயனியிலேயே இருக்கின்றன, ஸ்பின்கள் மட்டும் பேசிக்கொள்கின்றன. இந்த வித்தியாசத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நேர்முகத் தேர்வில் இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

அடுத்து உங்கள் ஆய்வகத்து அலமாரிக்கு வருகிறேன். செம்பு அசிட்டேட். நீலப்பச்சைப் படிகம். முதலாண்டு மாணவர்கூடச் செய்துவிடுவார். குளிரவைத்தால் செம்பின் காந்த ஏற்புத்திறன் கூட வேண்டும் என்கிறது 1895-ல் பியர் கியூரி சொன்ன விதி. செம்பு அசிட்டேட்டில் அது குறைகிறது. பி.சி. குஹா 1951-ல் வெளியிட்ட தாழ்வெப்ப அளவீட்டில் இந்தச் சரிவு தெளிவாகத் தெரிந்தது. ஏன் சரிகிறது என்று ஏற்புத்திறன் வளைவு தானாகச் சொல்லவில்லை. சொன்னது ஈ.பி.ஆர்., அதாவது ஜோடி சேராத எலக்ட்ரானின் ஸ்பின்னைக் காந்தப் புலத்தில் வைத்துப் பார்க்கும் நிறமாலை முறை. ஆக்ஸ்ஃபோர்டில் பிளீனியும் பவர்ஸும் 1952-ல் அந்த நிறமாலையை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு செம்பு அணுக்கரு என்றால் கோடு நான்காகப் பிரிய வேண்டும். பிரிந்ததோ ஏழாக, உயரம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்ற விகிதத்தில். இரண்டு செம்பு ஒரே எலக்ட்ரான் ஜோடியைப் பங்கு போட்டுக்கொண்டால்தான் இது வரும். ஆக, செம்புகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கின்றன, ஜோடியின் தாழ்நிலை ஸ்பின் பூஜ்யம், அதற்குமேல் சுமார் 300 செ.மீ⁻¹ உயரத்தில் ஸ்பின் ஒன்று என்ற நிலை. எக்ஸ் கதிர் வைத்து அந்த ஜோடியைக் கண்ணால் காட்டியது மறுவருடம்தான், 1953-ல். கட்டடத்தின் வரைபடம் கைக்கு வருமுன்பே உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நிறமாலை சொல்லிவிட்டது! தங்கையின் கேள்விக்கு என்னைக் கேட்டால் இந்த ஒரு உதாரணமே போதும். ஆனாலும் நீங்கள் வளையத்தை விட மாட்டீர்கள் என்று தெரியும்.

பெரிய உலோக வளையங்களில் பலருடைய கண்ணையும் இழுத்தது டாஃப்ட், லிப்பார்டு இருவரும் 1990-ல் அறிவித்த பத்து இரும்பு வளையம். எட்டு குரோமிய வளையத்தை அதற்கும் முன்பே மால்டோவாவில் செய்துவிட்டார்கள். அது பிறகு மான்செஸ்டருக்குப் போய்ப் பெயர் பெற்றது. நம் ஆட்கள் அடிக்கடி மறந்துபோவது இந்த முதல் ஊரைத்தான்.

குரோமிய வளையத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஏற்புத்திறன் வளைவை எடுத்தால் மழமழவென்று ஒரு மேடு. அந்த மேட்டுக்குப் பொருந்துகிற மாதிரி எண்களைப் போட்டுக்கொண்டே போகலாம். அண்டைகளின் பிணைப்பு இவ்வளவு, திசைச்சார்பு இவ்வளவு என்று இரண்டு மூன்று விதமாகப் போட்டாலும் கோடு ஒட்டிக்கொள்ளும். காந்தமானி ஒன்றுமே சொல்லாது என்று நான் சொல்லவில்லை. மிக வலுவான புலத்தில் இரும்பு வளையத்தின் காந்தமாக்கம் படிப்படியாக ஏறுவதைப் பார்த்தே படிகளின் உயரத்தை எடுத்தார்கள். ஆனால் பொதுவாக அது கூட்டுத்தொகையைத்தான் தருகிறது. சரி, ஈ.பி.ஆர். போடலாமே என்றால், அது ஒரே ஸ்பின் குடும்பத்துக்குள் ஒரு படி ஏறுவதைப் பார்க்கும் கருவி. தாழ்நிலையில் ஸ்பின் பூஜ்யம் என்றால் ஏறுவதற்குப் படியே கிடையாது. குளிரில் கருவி ஊமையாக நிற்கும்; செம்பு அசிட்டேட்டில் அது பார்த்தது மேலே இருந்த ஸ்பின் ஒன்று நிலையைத்தான்.

இங்கேதான் நியூட்ரான் வருகிறது. அதற்கு மின்சுமை இல்லை, காந்தத் திருப்புத்திறன் உண்டு. வளையத்துக்குள் நுழைந்து, ஒரு ஸ்பின்னைத் தட்டி, பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு ஏற்றிவிட்டு, அந்த அளவு ஆற்றலை இழந்து வெளியே வரும். போகும்போது எவ்வளவு, வரும்போது எவ்வளவு என்று கழித்தால் படியின் உயரம். எட்டு குரோமிய வளையத்தில் முதல் படி சுமார் 0.8 மில்லி எலக்ட்ரான் வோல்ட். நாம் உட்கார்ந்திருக்கும் அறையின் வெப்ப ஆற்றலே 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அறையில் வைத்துப் பார்த்தால் ஆயிரக்கணக்கான நிலைகள் ஒன்றாகக் கலந்து கூச்சல் போடும், முதல் படியைப் பார்க்க ஓரிரு கெல்வினுக்கு இறங்க வேண்டும்.

இன்னொரு தொல்லை ஹைட்ரஜன். பதினாறு பிவலேட், ஒவ்வொன்றிலும் ஒன்பது ஹைட்ரஜன், ஆக 144. சாதாரண ஹைட்ரஜன் நியூட்ரானைத் தாறுமாறாகச் சிதறடிக்கும் தன்மை உள்ளது, டியூட்டீரியத்துக்கு அந்தக் குறும்பு மிகக் குறைவு. அதனால் முடிந்த இடத்தில் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் வைத்துத் தொகுப்பார்கள். செலவு ஏறும். இந்த வேலையில் இயற்பியல்காரர் பெயர் முன்னால் வரும், இரவெல்லாம் குடுவை கழுவியவர் வேதியியல்காரராக இருப்பார். உங்கள் பாதிப்பேருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

2003-ல் குரோமிய வளையத்தின் நியூட்ரான் நிறமாலை வெளிவந்தது. அண்டைகளின் பிணைப்பு சுமார் 1.46 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்று ஊகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. கீழ்மட்ட நிலைகள் இஷ்டத்துக்குச் சிதறிக் கிடக்கவில்லை. ஒரு பட்டையில், மொத்த ஸ்பின் 0, 1, 2, 3 என்று உயர உயர, சுழலும் பொருளின் ஆற்றல்போல வரிசையாக ஏறுகின்றன. நான் மேலே ஒன்று எதிர், ஒன்று புதிர் என்று எழுதியது படம் போடுகிற வசதிக்குத்தான். உண்மையில் அந்த எதிரும் புதிருமான ஏற்பாடு மொத்தமாகச் சுழல்கிறது, எந்தத் திசையிலும் நிலைத்து நிற்பதில்லை. 2012-ல் இன்னும் ஒரு படி போனார்கள். கிரெனோபிளில் உள்ள லாவே-லாங்கெவின் நிறுவனத்தின் ஐ.என்.5 என்ற கருவியில் ஒற்றைப் படிகத்தைத் திருப்பித் திருப்பி வைத்து, உந்தத்தின் மூன்று திசை, கூட ஆற்றல் என்று நான்கு அச்சிலும் ஒருசேர அளந்தார்கள். முதல் குரோமியத்தைத் தட்டினால் அந்தச் செய்தி மூன்றாவதற்கும் ஐந்தாவதற்கும் எப்படிப் போய்ச் சேருகிறது என்பது, முன்கூட்டி ஒரு மாதிரியைக் கட்டி அதில் தரவைத் திணிக்காமலே, தரவிலிருந்தே வந்தது. என் கருத்தில் இந்தத் துறையின் மிக அழகான சோதனை இது.

கிரெனோபிள் என்றதும் உங்களில் சிலருக்குக் காது நிமிரும் என்று தெரியும். புதுச்சேரிக் குடும்பங்களில் பிரான்சில் யாராவது ஒரு மாமாவோ அத்தையோ இல்லாதவர்கள் குறைவு. அண்டை ஸ்பின்கள் எதிரெதிராக நிற்கும் பொருள் இருக்க முடியும் என்று 1930களில் சொன்னவர் லூயி நேல், பின்னாளில் கிரெனோபிளை இயற்பியலின் ஊராக வளர்த்தவரும் அவரே. அங்கிருக்கும் நியூட்ரான் உலை 58 மெகாவாட். விண்ணப்பம் போட்டு, அதை நிபுணர் குழு ஏற்றால், கருவியில் சில நாள் கிடைக்கும். மாமா வீட்டில் தங்கிக்கொள்ளலாம், ஆனால் மாமா சிபாரிசு செல்லாது.

நம் நாட்டிலும் இதற்கு வேர் உண்டு. பி.கே. அய்யங்கார் 1950களில் கனடாவின் சாக் ரிவரில் பெர்ட்ராம் பிராக்ஹவுஸோடு வேலை செய்துவிட்டுத் திரும்பி, டிராம்பேயில் நியூட்ரான் நிறமாலையியலைத் தொடங்கிவைத்தார். பிராக்ஹவுஸுக்கு 1994-ல் நோபல் வந்தது. டிராம்பேயின் துருவா உலை 1985-லிருந்து இருக்கிறது, 100 மெகாவாட். பல்கலைக்கழக மாணவர்கள் அங்கே அளக்க யு.ஜி.சி.-டி.ஏ.இ. கூட்டமைப்பின் மும்பை மையம் வழி செய்கிறது.

இப்போது ஒரு குரோமியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நிக்கலை வையுங்கள். நிக்கலின் ஸ்பின் ஒன்று, குரோமியத்தினுடையது ஒன்றரை. கணக்கு இனி சரிக்குச் சரியாகாது, அரை மிஞ்சும். தாழ்நிலை ஸ்பின் 1/2. உடனே ஈ.பி.ஆர்.-க்கு வாய் வந்துவிடுகிறது, ஜி மதிப்பு 1.8-ஐ ஒட்டி ஒரு சைகை. தனி எலக்ட்ரான்போல நடந்துகொள்கிற, எட்டு உலோகங்கள் சேர்ந்த ஒரு ஸ்பின். இதைத்தான் குவாண்டம் பிட் ஆக்கலாம் என்றார்கள். 2007-ல் ஆக்ஸ்ஃபோர்டு, மான்செஸ்டர் குழுவினர் துடிப்பு ஈ.பி.ஆர்.-ல் அளந்தபோது, ஸ்பின் தன் நினைவை வைத்திருந்த நேரம் டியூட்டீரியம் போட்ட மாதிரியில் 3.8 மைக்ரோ வினாடி. 2012-ல் சுற்றியுள்ள கரிமப் பகுதியை மாற்றிமாற்றி அமைத்து, 1.5 கெல்வினில் அதை 15 மைக்ரோ வினாடிக்கும் மேலே கொண்டுபோனார்கள். வேதியியலின் கைவண்ணம் என்று நிச்சயம் சொல்லலாம். நாளைக்கே இதை வைத்துக் கணினி வந்துவிடும் என்று செய்தித்தாள் எழுதுவதை மட்டும் நம்ப வேண்டாம். டீ கிளாஸோடு நான் முணுமுணுத்ததும் அந்த ரகம்தான்.

ஒற்றைப்படை வளையம் தனிக் கதை. ஒன்பது குரோமியம் உள்ள வளையம் 2016-ல் வந்தது. அங்கே எதிரும் புதிருமாக நிற்க முயன்றால் எங்கோ ஓரிடத்தில் இரண்டு பேர் ஒரே பக்கம் பார்த்தாக வேண்டும், யார் அந்த இரண்டு பேர் என்பதை வளையம் தீர்மானிக்க முடியாமல் தவிக்கிறது. விரித்தால் இன்னொரு மடல் ஆகும்.

"இதெல்லாம் சரி சார், நாங்க கதிர்காமத்துல உக்காந்துக்கிட்டு என்ன பண்றது?" இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, முகத்தில் இருந்தது. உங்கள் ஊர் மருத்துவக் கல்லூரிப் பக்கம் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டவர் யாரையாவது விசாரியுங்கள். கொலுசு, தாலிச்சரடு, சாவிக்கொத்து எல்லாம் கழற்றி வைக்கச் சொல்லியிருப்பார்கள். உள்ளே நடப்பது ஈ.பி.ஆர்.-ன் உடன்பிறப்பு. அங்கே புரோட்டான், இங்கே எலக்ட்ரான். எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறன் சுமார் 658 மடங்கு பெரிது, ஆகையால் மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் கிகாஹெர்ட்ஸ். தத்துவம் அன்னியமானதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

செய்யக்கூடியது இரண்டு. ஒன்று கணக்கு. 65,536 என்றதும் மலைக்காதீர்கள். மொத்த ஸ்பின்னின் இசட் பகுதி பூஜ்யமான நிலைகளை மட்டும் எடுத்தால் 8,092-தான். ஓரளவு நினைவகம் உள்ள மடிக்கணினி அதைத் தாங்கும். வளையத்தின் சமச்சீரைப் பயன்படுத்தினால் இன்னும் சுருங்கும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எஸ். ராமசேஷாவின் குழு, பன்னிரண்டு மாங்கனீசு, எட்டு இரும்பு கொண்ட கொத்துகளுக்கே இப்படிச் சமச்சீரை வைத்துத் துல்லியமாகக் கணக்குப் போட்டு 2001-ல் வெளியிட்டது. நீங்கள் நான்கு குரோமிய வளையத்தில் தொடங்குங்கள். வெறும் 256 நிலை. இந்தக் கணக்கைப் போடும் ஃபை என்ற மென்பொருள் இலவசம், ஆனால் முதல் தடவை மென்பொருளைத் தொடாமல் அணியை நீங்களே எழுதுங்கள்.

இரண்டாவது, செம்பு அசிட்டேட். காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழக வேதியியல் துறையிலிருந்து பி. சாம்பசிவ ராவ் குழுவினர், படிகங்களில் செம்பு, வனேடைல் அயனிகளைக் கலந்து எடுத்த ஈ.பி.ஆர். கட்டுரைகள் வரிசையாக வந்திருக்கின்றன. நூலகத்தில் எடுத்துப் படியுங்கள், ஒரு நிறமாலையை வரிவரியாக எப்படி வாசிப்பது என்று தெரியும். அளக்க அங்கே விசாரியுங்கள், இல்லையென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை பஸ் ஏறி ஐ.ஐ.டி.யின் கருவி மையத்துக்குப் போங்கள், வெளியாருக்கும் கட்டணத்துக்கு அளந்து தருகிறார்கள். குரோமிய வளையத்துக்குத் திரவ ஹீலியம் வேண்டும், விலை உங்கள் துறையின் பையைக் கடிக்கும். செம்பு அசிட்டேட்டுக்குத் திரவ நைட்ரஜன் போதும். மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவரின் கேனில் புகைவதும் அதே சரக்குதான். அறை வெப்பத்தில் ஒரு நிறமாலை, 77 கெல்வினில் ஒன்று எடுங்கள். குளிரும்போது ஸ்பின் ஒன்று நிலையிலிருந்து வரும் கோடுகள் சரிந்துவிடும், எலக்ட்ரான்கள் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டன என்று பொருள். 3,200 காஸ் பக்கம் ஒரு கோடு மட்டும் குளிரக் குளிர வளரும். அதைப் பார்த்துப் புதுக் கண்டுபிடிப்பு என்று துள்ளாதீர்கள். ஜோடி சேராமல் தனியே நிற்கும் செம்பு அது, அசுத்தம். இன்னொரு தடவை படிகமாக்கி அளந்தால் குட்டையாகும்.

மாதிரியோடு தரும் படிவத்தில் "வெப்பநிலை" என்று ஒரு கட்டம் இருக்கும். நிறையப் பேர் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள், ஊழியரும் அறை வெப்பத்தில் ஒன்று எடுத்து அனுப்பிவிடுவார். அந்தக் கட்டத்தில் இரண்டு வெப்பநிலையையும் தெளிவாக எழுதுங்கள், எடுக்கவேண்டிய புல அளவு பூஜ்யத்திலிருந்து 6,000 காஸுக்குச் சற்று மேல் வரை என்றும் சேர்த்து எழுதுங்கள். வழக்கமான குறுகிய அளவில் எடுத்தால் ஓரத்துக் கோடுகள் தாளுக்கு வெளியே போய்விடும்.

அன்புடன்,
உங்கள் கூட்டத்தில் டீ குடித்துவிட்டுப் போன பழைய வேதியியல் வாத்தியார்